எழுதாத தாள்

14 ஜூலை 2024, ஞாயிறு

தவுடு,

உன் பன்னிரண்டாம் வகுப்பு ரஃப் நோட்டில் பின்பக்கம் நிறையத் தாள் மிச்சம் இருக்கிறது. அதில்தான் எழுதுகிறேன். கோவிச்சுக்காதே. நீ எழுதிய பக்கத்தை நான் தொடவில்லை.

பவுலின் அக்கா சொல்லித்தான் எழுதுகிறேன். சின்னசேலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பெண் தொழிலாளர் சங்கம் வைத்திருக்கிறார்கள். அவர்களும் உன்னை மாதிரி நூல் மில்லில் வேலை செய்தவர்கள்தான். போன வாரம் அங்கே போயிருந்தேன். எந்தத் தேதி போன் வந்துச்சு, எந்தத் தேதி கையெழுத்து வாங்கினாங்க என்று கேட்டார்கள். பொங்கலுக்குப் பிற்பாடு, நெல் அறுப்புக்கு முன்னாடி என்றுதான் எனக்குச் சொல்ல வந்தது. "தேதி போட்டு எழுதி வை கொளஞ்சி. நம்ம வாய்ச்சொல்லு எந்த ஆபீஸ்லயும் நிக்காது" என்றார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். தப்பும் தவறுமாகத்தான் வரும்.

முதல் தேதி, ஜனவரி 19, வெள்ளிக்கிழமை. பொங்கல் லீவு முடிந்து விடியற்காலை மில் வண்டி வந்தது. நீ போகமாட்டேன் என்றாய். சூப்பர்வைசர் வண்டியிலயே வரான்மா, பக்கத்துல வந்து ஒக்காறான்மா என்றாய். உன்னோடு வேலை செய்கிற சந்தியா கூடவே இரு, சன்னல் பக்கம் உட்காரு என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டு உன் பையை நானே தூக்கிப்போய் வண்டியில் வைத்தேன்.

எட்டு மணிக்குப் போன் வந்தது. ஆத்தூர் தாண்டி, ஓடுகிற வண்டியிலிருந்து நீ விழுந்துவிட்டாய் என்று.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. அதை நாளைக்கு எழுதுகிறேன்.

15 ஜூலை, திங்கள்

எழுத வரவில்லை.

18 ஜூலை, வியாழன்

எழுதித்தான் ஆகவேண்டும்.

ஆஸ்பத்திரியில் உன்னை உள்ளே வைத்திருந்தார்கள். நானும் உன் அப்பாவும் வெளியே வேப்பமரத்தடியில் தரையில் உட்கார்ந்திருந்தோம். மில்லில் இருந்து பேண்ட் போட்ட ஆள் ஒருத்தர் வந்தார். நல்லபடியாகப் பேசினார். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். ஒரு வெள்ளைத்தாளை அட்டைமேல் வைத்து, "பாடிய வாங்கணும்னா ஒரு கையெழுத்து வேணும்மா. எழுதறத நாங்க எழுதிக்கறோம்" என்றார். தாளில் ஒன்றும் எழுதவில்லை.

போட்டேன்.

சி போட்டு, புள்ளி வைத்து, கொளஞ்சியம்மாள் என்று முழுசாக எழுதி, அடியில் கோடும் போட்டேன். பாங்கில் கணக்குத் திறக்கும்போது நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே. இனிஷியல் முன்னாடி வரணும்மா, கோடு நேரா இருக்கணும்மா என்பாயே. கோடு நேராகத்தான் வந்தது. உன் அப்பா பக்கத்திலேயே கைநாட்டு வைத்தார்.

அந்தத் தாளுக்கு பவுலின் அக்கா நகல் வாங்கியிருக்கிறார்கள். என் மகள் எழில்மதி தூக்கக் கலக்கத்தில் தானாகவே வண்டிக் கதவைத் திறந்து விழுந்துவிட்டாள், யார்மேலும் எங்களுக்குப் புகார் இல்லை, இது நான் மனமுவந்து எழுதிக் கொடுத்தது. இப்படி இருக்கிறது. அதற்குக் கீழே என் கையெழுத்து.

நான் எழுதவில்லை தவுடு. ஆனால் கோடு என்னுடையது.

28 ஜூலை, ஞாயிறு

சங்கத்தில் கூட்டம். பதினைந்து பேர் வந்திருந்தோம். பவுலின் அக்கா நூற்றுத் தொண்ணூறு பற்றிச் சொன்னார்கள். எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

ஜெனீவா என்கிற ஊரில் உலகத்து நாடெல்லாம் கூடி ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஓர் உடன்படிக்கை போட்டார்கள். அதுக்கு நம்பர் 190. வேலை செய்கிற இடத்தில் யாரையும் அடிக்கக்கூடாது, அசிங்கமாகப் பேசக்கூடாது, பெண்களைச் சீண்டக்கூடாது. வேலை இடம் என்றால் மில் மட்டும் இல்லை. வேலைக்குப் போய் வருகிற வழியும், தங்கவைக்கிற ஹாஸ்டலும்கூட வேலை இடம்தான். நம் நாடு அன்றைக்குச் சரி என்று ஓட்டுப் போட்டது. ஆனால் அதை ஏற்று உறுதி செய்து இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

நம்ம ஊர்லயே சட்டம் இருக்குதே என்று ஒரு பெண் கேட்டாள். "இருக்குது. மில்லுல புகார் கமிட்டின்னு போர்டும் இருக்குது. போர்டுல இருக்கற பேருங்க யாருன்னு அந்தப் போர்டுக்கே தெரியாது" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். உலகத்துக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டுவிட்டால் சில வருஷத்துக்கு ஒரு தடவை பதில் சொல்லவேண்டி வருமாம். அதற்காகத்தான் ஊர் ஊராகக் கிராம சபையில் தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பப்போகிறோம் என்றார்கள். எங்கள் ஊருக்கு யார் என்று கேட்டபோது நான் கை தூக்கிவிட்டேன். ஏன் தூக்கினேன்?

பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். நாடு ஒரு கையெழுத்துப் போட ஐந்து வருஷமாக யோசிக்கிறது. நான் ஐந்து நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

4 ஆகஸ்ட், ஞாயிறு

வீடு வீடாகப் போகிறேன். ஆகஸ்ட் பதினைந்துக்கு வாங்க, எழில்மதி பேரைச் சொல்லித் தீர்மானம் வைக்கப்போறோம் என்கிறேன். பாதிப் பேர் என் மூஞ்சியைப் பார்த்துக் கண் கலங்குகிறார்கள். மீதிப் பேர் அடுப்பில் வேலை இருக்கிற மாதிரி உள்ளே போகிறார்கள்.

உன் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. கரும்பு வெட்டிவிட்டு வந்து குளிக்காமல் அப்படியே உட்கார்ந்துகொண்டு, "செத்தவள எதுக்கு ஊரெல்லாம் தூக்கிக்கினு திரியற? நாளைக்கு நாலு பேரு நாலு விதமா பேசுவான். அவ பேராவது நல்லா இருக்கட்டும்" என்றார். தானாகவே கதவைத் திறந்தாள் என்று எழுதியிருக்கிறதே, அது நல்ல பேரா என்று கேட்டேன். எழுந்து வெளியே போய்விட்டார். சாப்பிடவில்லை.

எதிர்வீட்டு சாலம்மாக்காதான் துணைக்கு வந்தது. உனக்குத் தெரியும் அதோட வாய். "நான் வரலன்னா யாருடி வருவா? சட்டப்படி அவ எம்பொண்ணு" என்றது. உனக்கு முன்னால் இரண்டு பிள்ளை எனக்குத் தங்கவில்லை. நீ பிறந்த அன்றைக்கே உன்னை அதன் மடியில் போட்டு, ஒரு முறம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினேன். வாங்கின பிள்ளையை எமன் கேட்கமாட்டான் என்று சொல்வார்கள். அதனால்தானே நீ தவுடு.

கேட்டுவிட்டானே.

15 ஆகஸ்ட், வியாழன்

கிராம சபை நடந்தது. பள்ளிக்கூட மைதானம். அறுபத்திமூன்று பெண்கள் வந்தார்கள். எண்ணினேன். ஏரி வேலைக்குப் போகிற நூறு நாள் வேலைக்காரிகள் எல்லாரும். இவ்வளவு பேர் வந்ததே இல்லை என்று ஊராட்சித் தலைவர் கலையரசியே சொன்னது.

எனக்குப் பேச வரவில்லை. நின்றேன். பவுலின் அக்கா எழுதிக் கொடுத்த தாளைப் படித்தேன். வண்டியும் வேலை இடம் என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன். சாலம்மாக்கா பின்னாலிருந்து, "படிடி, தண்ணி அப்புறம் குடிக்கலாம்" என்றது. படித்து முடித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். ஊராட்சி கிளார்க்கு தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மேகம் கட்டிக்கொண்டு வந்தது. எப்போதும் போலக் கிளார்க்கு தீர்மானப் புத்தகத்தை விரித்து வைத்து, எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்க, தீர்மானத்தை ஆபீஸில் போய் எழுதிக்கொள்கிறேன் என்றார். எங்கள் ஊரில் என்றைக்கும் அப்படித்தான். முதலில் கை, அப்புறம் எழுத்து. ரோடு போட்டதும் அப்படித்தான், தண்ணீர் டேங்க் வந்ததும் அப்படித்தான். இரண்டு மூன்று பேர் தயங்கினார்கள். நான்தான் மழை வருது, போடுங்க போடுங்க, அவரு எழுதிக்குவாரு என்று வரிசை கட்டிவிட்டேன். ஸ்டாம்பு மைப் பெட்டியை நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்றைக்குக் கொஞ்சம் சோறு இறங்கியது தவுடு. அறுபத்திமூன்று பேர். உனக்காக.

3 செப்டம்பர், செவ்வாய்

தீர்மானத்தின் நகல் கேட்டு ஊராட்சி ஆபீசுக்கு மூன்றாவது தடவை போனேன். கிளார்க்கு கள்ளக்குறிச்சிக்கு மீட்டிங் போய்விட்டாராம். நகல் கிடைத்தால்தான் பவுலின் அக்கா டெல்லிக்கு அனுப்ப முடியும்.

17 செப்டம்பர், செவ்வாய்

பீரோவுக்குச் சாவி இல்லையாம்.

2 அக்டோபர், புதன்

இதை எப்படி எழுதுவது.

இன்றைக்கும் கிராம சபை. போன கூட்டத்துத் தீர்மானத்தைப் படியுங்கள் என்று பவுலின் அக்கா கேட்கச் சொல்லியிருந்தார்கள். கேட்டேன். கிளார்க்கு முதலில் காதில் விழாத மாதிரி இருந்தார். தலைவர் கலையரசி, படிங்க சார், கேக்கறாங்கல்ல என்றது. படித்தார். தெருவிளக்கு. சாக்கடை. குடிநீர்க் குழாய். பிளாஸ்டிக் ஒழிப்பு. எட்டுத் தீர்மானம். எட்டும் முடிந்தது. புத்தகத்தை மூடினார்.

என்னுது எங்கே சார் என்றேன்.

"அது உலக விஷயம்மா. மேல இருந்து வர அஜெண்டாவுல இல்ல. அதெல்லாம் நாம எழுதுனா என்னைக் கேப்பாங்க" என்றார். கோபமாக இல்லை. எனக்கு நல்லது சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். எட்டுத் தீர்மானம், அதற்குக் கீழே எங்கள் அறுபத்திமூன்று பேர். என் கையெழுத்து மூன்றாவதாக இருக்கிறது. சி, புள்ளி, பேர், கோடு.

மறுபடியும். நானே. என் கையால. ஒரு தடவை பட்டவளுக்கு உறைக்க வேணாமா? மைப் பெட்டியப் புடிச்சிக்கினு நின்னேனே. போடுங்க போடுங்கன்னு சொன்னேனே. எனக்கு இன்னா ஆச்சு? எனக்கு புத்தி இல்லையா தவுடு?

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள், கிளார்க்கை இல்லை. நீ சொல்லித்தான் கை வெச்சோம் என்று யாரோ சொன்னார்கள். சாலம்மாக்கா எழுந்து வந்தது. மெதுவாகத்தான் சொன்னது.

"நான் உனக்கு எம்புள்ளயத் தவுட்டுக்குக் குடுத்தேன். நீ வெத்துத் தாளுக்குக் குடுத்துட்ட."

அவ்வளவுதான். புடவையை உதறிக்கொண்டு போய்விட்டது.

3 அக்டோபர், வியாழன்

அது சொன்னது சரிதான்.

9 அக்டோபர், புதன்

ஏரி வேலைக்குப் போனேன். மண் கூடையை யாரும் என் கையிலிருந்து வாங்கவில்லை. நானே போய்க் கொட்டிவிட்டு வந்தேன். சாலம்மாக்கா மறுகரையில் இருந்தது.

21 அக்டோபர், திங்கள்

பவுலின் அக்கா போன் செய்தார்கள். எடுக்கவில்லை.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. விளக்கு ஏற்றவில்லை. உன் அப்பா கடைக்குப் போய் நீ சாப்பிடுகிற மிக்சர் ஒரு பொட்டலம் வாங்கி வந்து உன் போட்டோ முன்னால் வைத்தார். அப்புறம் அதை எடுக்கவும் மாட்டாமல், தின்னவும் மாட்டாமல் இருந்தார். எறும்பு வந்தது.

10 நவம்பர், ஞாயிறு

மலைக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

கச்சிராயபாளையம் போய் வெள்ளிமலை பஸ் ஏறினேன். வளைவில் எல்லாம் வாந்தி வந்தது. இறங்கி மரவள்ளிக் காட்டு வழியாக மூன்று மைல். சந்தியா வீட்டைத் தேடிப் போனேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து போனவள் அவள்தான். நீ விழுந்த பிறகு அவள் மில்லுக்கே திரும்பப் போகவில்லை. சாவுக்கும் வரவில்லை.

என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிவிட்டாள். அவள் அம்மா கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தது. "அவளுக்குத் தை மாசம் கல்யாணம் வெச்சிருக்கறோம்மா" என்றது. புரிந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது மூச்சு வாங்க ஓடிவந்தாள். செருப்பு போடாமல். என் பக்கத்தில் நின்றாள், என் மூஞ்சியைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

சூப்பர்வைசர் வந்து உன் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தானாம். நீ எழுந்து கதவோரமாகப் போய்ப் படியில் நின்றாயாம். அவனும் எழுந்து வந்து உன் துப்பட்டாவைப் பிடித்தானாம். சிரித்துக்கொண்டே. விளையாட்டு மாதிரி. நீ இழுத்தாயாம். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லையாம்.

"நிறுத்துங்கன்னு நான் கத்துனேன் அத்த. அவளும் இன்னாவோ கத்துனா. டிரைவர் பாட்டு வெச்சிருந்தாரு. ஒண்ணும் கேக்கல" என்றாள்.

இதை வந்து சொல்வாயா கண்ணு என்றேன். அழுதாள். "எந்தங்கச்சிங்க ரெண்டு பேரும் அதே மில்லுலதான் இருக்காங்க அத்த. அதே வண்டியிலதான் வராங்க" என்றாள். பஸ் வந்துவிட்டது.

நான் அவளைத் திட்டவில்லை. தலையைத் தடவிவிட்டு ஏறினேன். நீ கதவைத் திறக்கவில்லை. இது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். இந்த நோட்டுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியப் போவதில்லை.

11 நவம்பர், திங்கள்

உன் அப்பாவிடம் சொன்னேன். வெட்டுக்கத்தியைச் சுவரோரம் வைத்தார். அப்புறம் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே, "படிச்சுக் காட்டுடான்னு அவன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார்.

23 நவம்பர், சனி

கிராம சபையாம். போகவில்லை.

2 டிசம்பர், திங்கள்

மூன்று நாளாகப் புயல் மழை. மக்காச்சோளம் எல்லாம் தண்ணீரில். பின்சுவர் ஊறிப்போய் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. உன் போட்டோவை இறக்கிச் சோற்றுக் குண்டானில் வைத்து மூடிவிட்டேன். நோட்டையும் உன்னோடு வைத்துவிடலாமா என்று பார்த்தேன். எதற்கு இதை எழுதுகிறேன்? எந்த ஆபீஸில் கேட்கப்போகிறார்கள்?

8 டிசம்பர், ஞாயிறு

பவுலின் அக்கா வந்துவிட்டார்கள். முழங்கால் வரை சேறு. போன் எடுக்காதவள் வீட்டுக்கு நேரில்தானே வரணும் என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, சரிந்த சுவரைப் பார்த்து, உட்கார்ந்தார்கள். எல்லாவற்றையும் கொட்டினேன். என்னை விட்டுடுங்கக்கா, நான் தொட்டது எதுவும் விளங்காது என்றேன்.

தைரியம் சொல்வார்கள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "நான் பொய் சொல்ல மாட்டேன் கொளஞ்சி. நம்ம காலத்துல டெல்லி கையெழுத்துப் போடுமான்னு எனக்கே தெரியாது. போட்டாலும் எழில்மதி வரமாட்டா. அந்தச் சூப்பர்வைசரு நாளைக்கே ஜெயிலுக்கும் போகமாட்டான்" என்றார்கள். பிறகு ஏன்க்கா இதைச் செய்றீங்க என்று கேட்டேன்.

"பதினேழு வயசுல என்னையும் ஒருத்தன் வண்டியில கைய புடிச்சான். எங்கம்மாகிட்டகூட சொல்லல. அது பேரு இன்னான்னு எனக்குத் தெரியாது. தப்பு எம்மேலதான்னு நெனச்சிக்கினு இருந்தேன். அது தப்புன்னு உலகத்துல ஒரு தாள்ல எழுதி இருக்குதுன்னு படிச்சப்ப எனக்கு நாப்பத்தெட்டு வயசு."

கடுங்காப்பி குடித்தார்கள். சுவருக்கு முட்டுக்கொடுக்க உன் அப்பா மூங்கில் கொண்டு வந்தபோது இவர்களும் ஒரு பக்கம் பிடித்தார்கள்.

30 டிசம்பர், திங்கள்

இந்த வருஷம் முடிகிறது. நீ இருந்த வருஷம் இது. பத்தொன்பது நாள் இருந்தாய்.

19 ஜனவரி 2025, ஞாயிறு

உனக்குப் படையல் வைத்தோம். கல்யாணம் ஆகாமல் போன பெண் கன்னியாக வந்து நிற்பாள் என்று, புதுப் பாவாடை, கண்ணாடி வளையல், பூ, நீ சாப்பிடுகிற புளிச்சோறு. எனக்கு நீ கன்னித் தெய்வமாக வேண்டாம். ஆனாலும் வைத்தேன்.

வாசலில் நிழல் தெரிந்தது. சாலம்மாக்கா. கையில் ஒரு முறம். முறத்தில் தவிடு. மூன்று மாதமாகப் பேசாதது, உள்ளே வந்து அதை வளையல் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து, மூக்கைச் சிந்திவிட்டு, "உன்னால எனக்கு ஊர்ல சண்டக்காரின்னு பேரு வந்துபோச்சிடி" என்றது.

என்னவென்று கேட்டேன். அக்டோபரிலிருந்து படித்துக் காட்டாமல் அது எங்கேயும் கை வைப்பதில்லையாம். ரேஷன் கடையில், ஏரி வேலைக்கு வந்ததைப் பதிகிற மஸ்டர்ரோலில், குழுக் கடன் பாரத்தில். ரேஷன் கடைக்காரன் அம்மா, இது மெஷினு, இதுல படிக்க ஒண்ணும் இல்ல என்று கையெடுத்துக் கும்பிட்டானாம். "அப்ப மெஷினு இன்னா சொல்லுதோ அத நீ சொல்லு, அப்புறம் வெரல வெக்கறேன்னேன். ஜாஸ்தி பேசாத ஆயான்றான்." அதைப் பார்த்து ஏரி வேலைக்காரிகள் எல்லாம் இப்போது அப்படியே கேட்கிறார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது தவுடு. உன் படையலுக்கு முன்னால். உடனே அழுகையும் வந்துவிட்டது.

போகும்போது, வர ஞாயித்துக்கெழம கிராம சபை, பவுலின்கிட்ட அந்தத் தாள இன்னொண்ணு எழுதி வாங்கிக்கினு வா என்றது. இனிமேல் என் சொல்லுக்கு யார் வருவார்கள் என்றேன். "உன் சொல்லுக்கு ஒருத்தியும் வரமாட்டா. அவ எம்பொண்ணு. எஞ்சொல்லுக்கு வருவாளுங்க."

26 ஜனவரி, ஞாயிறு

முப்பத்தேழு பேர்தான். அறுபத்திமூன்று இல்லை.

தாளைப் படித்தேன். இந்தத் தடவை எங்கேயும் நிறுத்தவில்லை. உள்ளே எதுவும் இல்லாத மாதிரி இருந்தது. கிளார்க்கு வழக்கம்போலப் புத்தகத்தை விரித்து வைத்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. வாங்கம்மா, நேரமாவுது என்றார். சாலம்மாக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "எழுதுங்க சார். நாங்க இங்கதான் இருக்கோம்" என்றது.

ஆபீஸில் போய் எழுதறேம்மா என்றார். இங்கேயே எழுதுங்க என்றார்கள். அஜெண்டாவில் இல்லை என்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முப்பத்தேழு பேரும் கட்டைவிரலை உள்ளே மடித்துக் கையை மூடிக்கொண்டு மடியில் வைத்திருந்தார்கள். யாரும் சொல்லி வைக்கவில்லை. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். கையெழுத்து ஒன்றும் இல்லாவிட்டால் கூட்டமே நடந்ததாகக் கணக்கு ஆகாது. அது அவருக்கும் தெரியும். தலைவர் கலையரசி அவரைப் பார்க்காமல், எழுதிடுங்க சார், எனக்கும் மில்லுக்குப் போற நாத்தனா பொண்ணு இருக்குது என்றது.

எழுதினார். படித்தார்.

"வேலை இடத்தில் வன்முறையும் துன்புறுத்தலும் கூடாது என்னும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கையை இந்திய அரசு ஏற்று உறுதி செய்ய வேண்டும் என்று இக்கிராம சபை கேட்டுக்கொள்கிறது. வேலைக்கு ஏற்றிச் செல்லும் வண்டியும் தங்கவைக்கும் விடுதியும் வேலை இடமே."

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னொரு தபா படிங்க சார்."

திரும்பிப் பார்த்தேன். உன் அப்பா. கரும்புத் தோகை கிழித்த கையோடு, சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கிளார்க்கு இன்னொரு தடவை படித்தார். நிறுத்தி நிறுத்தி. உன் அப்பா வண்டி என்ற சொல் வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்து, வந்ததும் தலையை ஆட்டினார். பிறகு வந்து முதல் ஆளாகக் கட்டைவிரலை வைத்தார். அழுத்தி வைத்தார். புத்தகம் ஆடியது.

நான் கடைசியாகப் போட்டேன். சி, புள்ளி, பேர். கோடு கோணலாகிவிட்டது.

27 ஜனவரி, திங்கள்

நகல் கிடைத்தது. தீர்மானம் எண் 9. சீல் வைத்துக் கொடுத்தார் கிளார்க்கு. எனக்கு மெமோ வந்தா நீதாம்மா பதில் சொல்லணும் என்றார். சொல்றேன் சார் என்றேன். ஒன்றை பவுலின் அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன், டெல்லிக்கு அனுப்ப. டெல்லியில் யார் படிப்பார்கள் என்று தெரியாது. இன்னொன்றை இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன், ஆஸ்பத்திரித் தாளின் நகலுக்கு மேலே. கீழே இருப்பது அப்படியேதான் இருக்கிறது. அழியவில்லை.

இன்றைக்கு விடியற்காலையும் அந்த வண்டி நம் ரோட்டு வழியாகப் போனது. வாசலில் நின்று பார்த்தேன். சன்னலில் பெண்பிள்ளைகள் தூங்கிக்கொண்டு போனார்கள். இருட்டில் யார் யாரென்று தெரியவில்லை. சந்தியாவின் தங்கச்சிகளும் அதில் இருந்திருப்பார்கள். பாட்டு சத்தமாகக் கேட்டது. அவ்வளவு சத்தம், நான் வாயைத் திறந்து ஒரு தடவை எழிலு என்று கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அன்றைக்கு அந்தப் படியில் நின்று நீயும் என்னவோ கத்தினாயாமே. யாருக்கும் கேட்கலையாம்.

தவுடு, என்னையா கூப்பிட்ட?